செட்டுக்கு ஒரே பதில்

அந்த ஷூ கம்பெனியில் பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு மணி அடித்தால் பெண்கள் செட்டு செட்டாகப் பிரிந்து உட்காருவார்கள். செட்டு என்றால் ஆறு பேர். யார் வகுத்த கணக்கோ தெரியாது. சாப்பாட்டுக் கூடத்து மேசை ஆறு பேருக்கு அளவெடுத்துச் செய்ததாலும் இருக்கலாம். ஒரு செட்டில் சேர்ந்துவிட்டால் வேலையை விட்டுப் போகும் வரைக்கும் அதே ஆறுதான். ஆறு டப்பாவும் திறந்து நடு மேசைக்கு வரும். யார் என்ன கொண்டுவந்தாள் என்று பார்க்கக் கூடாது. ஒருத்தி வெறும் சோறு கொண்டுவந்தாலும் ஐந்து வீட்டுக் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்திருக்கலாம். தனக்கென்று ஒளித்து வைத்துத் தின்கிறவளுக்கு மட்டும் எந்தச் செட்டிலும் இடம் கிடையாது.

தேவிகாவுக்கு இது நன்றாகத் தெரியும். ஒன்பது வருஷமாக அங்கே அவள்தான் வெல்ஃபேர் ஆபீசர். தெரிந்தும் அந்த மேசைக்குத்தான் கேள்வித்தாளைக் கொண்டுபோனாள். அந்த ஒரு புத்திக் குறைவுக்கு அவள் இன்னும் தன்னை மன்னிக்கவில்லை, மன்னிக்கவும் வேண்டாம் என்று இருக்கிறாள்.

முப்பத்தாறு வயதில் அஞ்சல் வழியில் எம்.எஸ்ஸி. உளவியல் படிக்கக் கிளம்பியவள் அவள். கடைசி வருஷம் ஆய்வேடு ஒன்று எழுதித் தர வேண்டும். பேஸ்டிங் பிரிவில் நாளெல்லாம் தோலை ஒட்டுகிற சொல்யூஷன் நெடியில் உட்காருகிறவர்களுக்கு மற்றப் பிரிவுக்காரர்களைவிட மன உளைச்சல் ஜாஸ்தியா என்பது அவள் எடுத்த கேள்வி. ஸ்டிச்சிங்கில் அறுபது பேர், பேஸ்டிங்கில் முப்பத்தாறு பேர், ஃபினிஷிங்கில் இருபத்துநாலு பேர். ஆக மொத்தம் நூற்றிருபது. பன்னிரண்டு கேள்விகள். தூக்கம் கெடுகிறதா, பசி மந்தமாகிறதா என்று ஆரம்பித்து, வாழ்ந்தது போதும் என்று தோன்றியதுண்டா என்பதில் முடியும். ஒவ்வொன்றுக்கும் மூன்று கட்டங்கள்: இல்லை, எப்போதாவது, அடிக்கடி.

வேலை நேரத்தில் லைனை நிறுத்த விடமாட்டார்கள். அதனால் சாப்பாட்டு நேரம். ஸ்டோரிலிருந்து பென்சில் வாங்கிக்கொண்டு மேசை மேசையாகப் போனாள்.

"இன்னா மேடம், எங்களுக்குப் பரீட்சையா?" என்று பேஸ்டிங் மேசையிலிருந்து தபஸ்ஸும் கேட்டாள். வாயில் சோறு இருந்தது.

"பரீட்சைலாம் இல்ல. பேரு கூட எழுத வேணாம். டோக்கன் நம்பர் மட்டும் போடுங்க, போதும்."

டோக்கன் நம்பரைச் சொன்னால் கம்பெனியில் ஆளின் ஊர், தெரு, புருஷன் பெயர் எல்லாம் வந்துவிடும் என்பது சொல்லும்போது அவளுக்கு உறைக்கவில்லை. கேட்டவர்களுக்கு உடனே உறைத்திருக்கிறது.

அந்த மேசையில் ப்ளஸ் டூ வரை படித்தவள் தனபாக்கியம். நாற்பதைத் தாண்டியவள், குரல் கணீரென்று இருக்கும். அவள் கேள்வியை வாசித்தாள். "இதுக்கு இன்னா போடலாம்?" என்று அவளே கேட்டாள். "இல்லைனு போட்டுடு" என்று அவளே சொன்னாள். ஆறு பென்சிலும் ஒன்றாக இறங்கின. தேவிகா பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாள். வேலை சீக்கிரம் முடிகிறதே என்கிற சந்தோஷம்.

அந்த ஆறில் ஒருத்தி நந்தினி. இருபத்தாறு வயது, குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற வீட்டுப் பெண். கல்யாணமாகி ஆம்பூரில் இருந்தாள். தாள்களை வாங்கிக்கொண்டிருந்தபோது அவள் மட்டும் எழுந்து தேவிகாவின் பக்கத்தில் வந்தாள்.

"மேடம், இத வூட்டுக்கு எடுத்துனு போய் எழுதினு வரட்டுமா? நாளைக்கிக் குடுத்துடறேன்."

"வேணாம்மா. உனக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்க. இங்கியே முடிச்சிடு. ரெண்டு நிமிஷ வேலை."

"சரி மேடம்" என்றாள். உட்கார்ந்து முடித்துக் கொடுத்துவிட்டாள்.

பதினேழு நாள் கழித்து ஒரு திங்கட்கிழமை நந்தினி வேலைக்கு வரவில்லை. செவ்வாய்க்கிழமை செய்தி வந்தது. தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டாளாம். புருஷன் ராணிப்பேட்டையில் கெமிக்கல் கம்பெனியில் வேலை செய்துகொண்டு வாரத்துக்கு ஒருமுறை வருகிறவன். அவன்தான் காரணம் என்றார்கள் சிலர். குழந்தை இல்லாத குறை என்றார்கள். சொல்யூஷன் நெடி தலைக்கு ஏறிவிட்டது என்றும் பேச்சு. ஆளுக்கொரு காரணம் கையில் வைத்திருந்தார்கள். கேட்க வேண்டிய நாளில் மட்டும் ஒருவரும் கேட்டிருக்கவில்லை.

அந்த வாரமே மனிதவள மேலாளர் மகேந்திரன் தேவிகாவை அறைக்குக் கூப்பிட்டார். "உங்க சர்வேல அந்தப் பொண்ணு இருந்துச்சா?"

இருந்தாள் என்றாள். தாளைக் கேட்டார். கொண்டுவந்து கொடுத்தாள்.

மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "பன்னெண்டுக்கும் 'இல்லை'. கடைசிக் கேள்விக்கும் 'இல்லை'. அப்ப நம்ம சைட்ல ஒண்ணும் இல்லைன்னு அவங்களே எழுதிக் குடுத்த மாதிரி ஆச்சு." ஜெராக்ஸ் ஒன்று எடுத்து ஃபைலில் வைத்துக்கொண்டார். "அடுத்த மாசம் சரக்கு வாங்கற பையரோட ஆடிட் வருது. உங்க சர்வே டேபிள் ரெடியானா அதையும் குடுங்க, சேர்த்துடலாம்."

மகேந்திரன் கெட்ட மனிதர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் அவரைத் திட்டி மனசை ஆற்றிக்கொண்டிருக்கலாம். சாவுக்கு மாலையோடு போய் நின்று கண்கலங்கியவர்தான். ஃபைலில் ஒரு தாள் குறையாமல் இருக்க வேண்டும் என்பது அவர் உத்தியோகம், அவ்வளவுதான்.

ஆய்வேடு தர இன்னும் பத்து நாள்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் தேவிகா வீட்டில் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு கணக்குப் போட உட்கார்ந்தாள். கை-ஸ்கொயர் என்று அந்தச் சோதனைக்குப் பெயர். எண்ணிப் பார்க்க மட்டுமே முடிகிற சமாசாரங்களுக்கு உரியது. இந்தப் பிரிவா அந்தப் பிரிவா, உண்டா இல்லையா என்று ஆளைக் கட்டத்தில் போட்டுத் தலையை எண்ண வேண்டும்.

பேர்தான் பயமுறுத்தும், விஷயம் எளிது. பிரிவுக்கும் உளைச்சலுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று முதலில் வைத்துக்கொள்ள வேண்டும். அவள் எண்ணிக்கைப்படி நூற்றிருபதில் முப்பது பேருக்கு உளைச்சல், அதாவது கால்வாசி. ஒட்டுறவு இல்லையென்றால் எல்லாப் பிரிவிலும் அதே கால்வாசிதானே இருக்க வேண்டும்? ஸ்டிச்சிங்கில் பதினைந்து, பேஸ்டிங்கில் ஒன்பது, ஃபினிஷிங்கில் ஆறு. இது எதிர்பார்க்கிற எண். நிஜத்தில் வந்தது பன்னிரண்டு, பன்னிரண்டு, ஆறு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அதனாலேயே பெருக்கி, எதிர்பார்த்த எண்ணால் வகுக்க வேண்டும். உளைச்சல் இல்லாதவர்களுக்கும் அப்படியே செய்து எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். கூட்டினாள். 2.13 வந்தது. புத்தகத்து அட்டவணையில் இருக்கிற 5.99-ஐத் தாண்டியிருந்தால்தான் ஏதோ தொடர்பு இருப்பதாகப் பேசலாம். தாண்டாவிட்டால் அந்த வித்தியாசம் தற்செயலாகவும் வரக்கூடியது, அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. முடிந்தது. மகேந்திரனுக்கும் பிடித்த விடைதான். கம்பெனியோடு மல்லுக்கட்ட வேண்டாம், பட்டமும் வந்துவிடும். அந்த நிம்மதி வந்த வேகத்தைப் பார்த்து அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஒரு பெண் செத்து மூன்று வாரம் ஆகவில்லை.

சரிபார்ப்பதற்காக எண்களை ஒருமுறை வாய்விட்டு வாசித்தாள். உளைச்சல் உள்ளவர்கள் பன்னிரண்டு, பன்னிரண்டு, ஆறு. இல்லாதவர்கள் நாற்பத்தெட்டு, இருபத்துநாலு, பதினெட்டு. மறுபடி வாசித்தாள். ஆறாம் வாய்ப்பாடு மாதிரி இருந்தது. ஒரு எண் கூட ஆறை விட்டு விலகவில்லை.

தாள்களை வாங்கிய வரிசை கலையாமல் கட்டி வைத்திருந்தாள். கட்டைப் பிரித்து, ஆறாறாக எடுத்துத் தரையில் பரப்பினாள். முதல் ஆறும் பன்னிரண்டு கேள்விக்கும் ஒரே மாதிரி. அடுத்த ஆறும் அப்படித்தான். மூன்றாவது ஆறில் தூக்கம் வரவில்லை என்று போட்டிருந்தார்கள், ஆறு பேருமே. இருபது அடுக்கு ஆயிற்று. ஓர் அடுக்குக்குள் ஒரு டிக் கூட மாறியிருக்கவில்லை. கடைசிக் கேள்விக்கு நூற்றிருபது பேரும் இல்லை. உயிரோடு இருக்கிற நூற்றிருபது பேரைக் கேட்டால் அப்படி ஒரு பதில் எந்த ஊரில் வரும்?

பாடப்புத்தகத்தில் அந்தச் சோதனைக்கு முதல் நிபந்தனையே இதுதான். ஒருவருடைய பதில் இன்னொருவருடைய பதிலைத் தொட்டிருக்கக் கூடாது. பரீட்சைக்கு இரண்டு மதிப்பெண் கேள்வியாக அதை மனப்பாடம் பண்ணியவள் அவள். நூற்றிருபது பேரிடம் கேட்டதாக நினைத்திருந்தாள். இருபது மேசையிடம் கேட்டிருக்கிறாள். குழம்பைப் பொதுவில் வைத்த மாதிரி பதிலையும் அவர்கள் பொதுவில் வைத்துவிட்டார்கள். 2.13 என்பது எதற்கும் உதவாத எண்.

நந்தினியின் தாளைத் தேடி எடுத்தாள். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தாள். கடைசிக் கேள்வியில், 'அடிக்கடி' என்ற கட்டத்தில் தாள் கொஞ்சம் நைந்திருந்தது. போட்ட டிக்கை ரப்பரால் அழித்திருந்தார்கள். பென்சில் அழுத்திய தடம் மட்டும் பள்ளமாக நின்றது. ஜெராக்ஸில் இதெல்லாம் விழுந்திருக்காது. தேவிகா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்கு எடுத்துப் போகட்டுமா என்று அந்தப் பெண் கேட்டது எதற்காக என்று இப்போது புரிந்தது. புரிந்து யாருக்கு என்ன பிரயோஜனம்?

மறுநாள் சாப்பாட்டு மணிக்கு முன்னாலேயே தனபாக்கியத்தை முதலுதவி அறைக்கு வரச்சொன்னாள். தாளை நீட்டினாள். தனபாக்கியம் அதைத் தொடவில்லை. பார்த்த மாத்திரத்தில் கட்டிலில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

"ரப்பர் நான்தான் மேடம் குடுத்தேன்."

"ஏங்க்கா?"

"அவ மட்டும் தனியா அப்படிப் போட்டா ஆபீஸ்ல கூப்ட்டு விசாரிப்பீங்க. போன வருசம் ஜாஸ்மின் தூக்கம் வரலைனு கம்பெனி டாக்டராண்ட சொன்னா. மறுநாளே மிஷினை வுட்டு எழுப்பி ட்ரிம்மிங்ல கொண்டுபோய் ஒக்கார வெச்சீங்க. செட்டு போச்சு, பேச ஆளு இல்ல, ஒரு மாசத்துல வேலைய வுட்டே போய்ட்டா. இதுவும் அப்படிப் போயிடக்கூடாதுன்னுதான்... எல்லாரும் ஒண்ணா போட்டா யாரையும் பிரிக்கமாட்டாங்கன்னு நெனச்சேன்."

ஜாஸ்மினை மாற்றிய தாளில் கையெழுத்துப் போட்டதும் தேவிகாதான். லேசான வேலையாக இருக்கட்டும், உடம்புக்கு நல்லது என்று நினைத்துப் போட்டது.

"ஏன் அப்படிப் போட்டேன்னு அவள கேட்டீங்களா?"

"கேட்டேன் மேடம். சும்மாதான்கா போட்டேன்னா. பெல் அடிச்சிட்டாங்க. சரின்னு வுட்டுட்டேன்." முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். "அன்னிக்கி என் டப்பாவுல இருந்த கருவாட்டுக் கொழம்பு மொத்தத்தையும் அவளுக்குத்தான் ஊத்தினேன். நல்லா சாப்ட்டா மேடம்."

தேவிகாவுக்கு அவளைக் கடிந்துகொள்ள வாய் வரவில்லை. செட்டின் மேல் வைத்த பிரியத்தில் அவள் செய்தாள். நான் எதில் செய்தேன், அவசரத்தில்தானே என்று தோன்றியது. தனபாக்கியத்தின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

அன்று சாயங்காலம் ஆய்வேட்டை மேற்பார்வையிடும் பேராசிரியை ஹெலனிடம் ஃபோனில் விஷயத்தைச் சொன்னாள். "தாள் செல்லாதுன்னா மறுபடி முதல்லேருந்து செய்யணும். உங்களுக்கு ஒரு வருஷம் போகும்" என்றார் ஹெலன். போகட்டும் என்றாள்.

மகேந்திரனிடம் அது அவ்வளவு சுலபமாக முடியவில்லை. "அழிச்ச டிக்லாம் யாரு பாக்கப்போறா? டிக் எங்க நிக்குதோ அதானே பதில்" என்றார். அந்தச் சர்வேயை நம்பக்கூடாது, நந்தினி அப்படிச் சொல்லவில்லை, சொல்ல வந்ததை நான் தடுத்துவிட்டேன் என்று ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டு அவர் மேசையில் வைத்தாள். அவர் படித்துவிட்டு நிமிர்ந்தார். "இது உங்களுக்கே பேஜார் ஆகும் தேவிகா. யோசிச்சிக்கங்க." யோசித்தாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்தாள். அவள் எழுதிய அந்தத் தாள் ஃபைலில் ஏறியதா, குப்பைக்குப் போனதா தெரியாது.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு நந்தினியின் அம்மா ராஜம்மாள் வந்தாள். லாக்கரில் இருந்த பொருள்களை வாங்கிப் போக. ஐம்பது வயதிருக்கும். குடியாத்தத்தில் வீட்டு முன்கட்டிலேயே விசைத்தறி போட்டு லுங்கி நெய்கிறவள். மகள் வேலைக்குப் போட்டுக்கொண்ட நீலக் கோட்டையும், ஒரு ஜோடிச் செருப்பையும், பாதி தீர்ந்த தைலப் புட்டியையும் மடியில் வைத்துக்கொண்டு தேவிகாவின் எதிரில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேக்கணும் மேடம்."

"கேளுங்கம்மா."

"எம் பொண்ணு இங்க யாராண்டயாச்சும் எதனா சொன்னாளா? மேனேஜர் சொன்னாரு, எனக்கு ஒரு கொறையும் இல்லன்னு அவளே எழுதிக் குடுத்திருக்கான்னு. எனக்குப் படிக்கத் தெரியாது. அப்படித்தான் எழுதினாளா?"

இந்த ஒரு கேள்விக்குத்தான் தேவிகா நாலு நாளாகப் பயந்துகொண்டிருந்தாள். ஆமாம் என்று சொல்லிவிட்டால் அந்தத் தாய் காரணம் தெரியாமல் அழுதுகொண்டு போய்விடுவாள். உண்மையைச் சொன்னால் என்ன செய்வாள் என்று தெரியாது. தூற்றுவாள், தலைமயிரைப் பிடிப்பாள். பிடிக்கட்டும்.

"இல்லம்மா. அவ வேற மாதிரிதான் எழுதினா. கஷ்டமா இருக்குன்னு எழுதி, அப்புறம் அழிச்சிட்டா. அதுக்கு முன்னாடி என்கிட்ட வந்து, வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் எழுதட்டுமான்னு கேட்டா. நான்தான் வேணாம்னுட்டேன். அன்னிக்கே ஏன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேக்கல. என் தப்பும்மா."

ராஜம்மாள் தூற்றவில்லை. கோட்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். தலையைத் தூக்கினாள்.

"என்னாண்டயும் கேட்டா" என்றாள். "ஃபோன் பண்ணா. நாலு நாள் வந்து இருந்துட்டுப் போவட்டுமா மான்னா. தறியில பாவு ஏத்தியிருக்குது, ஆர்டர் முடியட்டும், அப்புறம் வா, இப்ப வந்தா படுக்கக்கூட எடம் இல்லன்னேன். சரிம்மான்னு வெச்சிட்டா. இத நான் யாராண்டயும் சொல்லல. அவ புருசனாண்ட சண்டைக்குப் போனேன், உன்னாலதான்னு. அந்தப் பையன் ஒண்ணும் பேசாம நின்னுச்சி."

தேவிகா மேசையைச் சுற்றி வந்து அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கையில் தாளும் இல்லை, பென்சிலும் இல்லை.

"நீங்க எப்படிம்மா இருக்கீங்க?"

"இருக்கறேன். தறி ஓடுது. நூல் அறுந்தாக்கூட கண்ணுக்குத் தெரிய மாட்டேங்குது." கோட்டின் நுனியை முறுக்கினாள். "எதுக்கு எழுந்திருக்கறோம்னு இருக்குது மேடம். அவ போன எடத்துக்கே போய்ட்டா இன்னான்னு இருக்குது."

"வீட்ல கூட யாரு இருக்காங்க?"

"யாரு இருக்காங்க. அவங்கப்பா போயி பத்து வருசம். எம் பையன் ஓசூர்ல கெடக்குறான்."

இரண்டு மணிக்கு ஆடிட் சம்பந்தமாகக் கூட்டம். மகேந்திரன் காலையிலேயே நினைவுபடுத்தியிருந்தார். சனிக்கிழமை வந்து பார்க்கிறேன் என்று சொல்லத் தேவிகாவின் வாய் தானாகத் திறந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டாள். எழுந்து பையை எடுத்தாள்.

"வாங்கம்மா. நானும் வரேன்."

"எங்க?"

"உங்க வீட்டுக்கு. நாளைக்குக் காலைல டாக்டர் ஒருத்தரைப் பார்க்கலாம். நீங்க இப்ப சொன்னதை அவர்கிட்டயும் சொல்லணும். நானும் கூட இருப்பேன்."

பேர்ணாம்பட்டு வழியாகக் குடியாத்தம் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பேர்ணாம்பட்டு வரைக்கும் ராஜம்மாள் மகளைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். எத்தனை மாதத்தில் நடந்தாள், பள்ளிக்கூடத்தில் எந்த டீச்சரைப் பிடிக்கும், கல்யாணத்தன்று எப்படி அழுதாள் என்று. தேவிகா கேட்டுக்கொண்டே வந்தாள். பஸ் பேர்ணாம்பட்டைத் தாண்டியது. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. திடீரென்று ராஜம்மாள் அவள் பக்கம் திரும்பினாள்.

"ராத்திரிக்கி நீ தங்கறியா?" அதுவரை இருந்த மேடம் போய்விட்டிருந்தது.

"தங்கறேம்மா. எடம் இல்லாட்டியும் பரவால்ல, எங்கயாவது உக்காந்துக்கறேன்."

"எடம் இருக்குது" என்றாள் ராஜம்மாள். "தறிய ஒட்டினாப்போல பாயப் போட்டா ஒரு ஆளு தாராளமா படுக்கலாம்."

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு முகம் கோணிவிட்டது. மகளின் கோட்டை இரண்டு கையாலும் வாயில் அழுத்திக்கொண்டு குலுங்கினாள். கண்டக்டர் திரும்பிப் பார்த்தார், முன் சீட்டுக்காரர்களும் பார்த்தார்கள். தேவிகா அவள் தோளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். கோட்டுக்குள்ளிருந்து அந்த ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. ஒரு ஆளு படுக்கலாம், தாராளமா படுக்கலாம்.